உணவுக்குழாயில் கட்டியா? பெயர் தெரியும் முன் முடிவுக்கு வராதீர்கள்

 

நம் மஹல்லாவில் ஒரு குடும்பத்தில் நடந்ததை, அவர்களுடைய சம்மதத்தோடு, பெயர் குறிப்பிடாமல் முதலில் சொல்லிவிடுகிறோம். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு சகோதரிக்கு இஃப்தாரில் வாயில் போட்ட பேரீச்சம்பழம் நெஞ்சுக்கு நடுவே நின்றுவிடும். இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தால்தான் இறங்கும். நோன்பு முடிந்த பிறகு ரொட்டியும் இறைச்சியும் அதேபோல் நிற்க ஆரம்பித்தன. 'கேஸ்' என்று சோடா குடித்தார். மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கினார். கண்ணூறாக இருக்கும் என்று ஓதி ஊதிய தண்ணீரும் குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சிக்கும் இடியாப்பத்துக்கும் மாறிக்கொண்டார். வீட்டில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

அடுத்த பெருநாள் கழிந்து எண்டோஸ்கோப்பி பார்த்தபோது, 'உணவுக்குழாயில் கட்டி' என்று ரிப்போர்ட் வந்தது. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் வீட்டில் எல்லாரும் புற்றுநோய் என்றே முடிவு செய்துவிட்டார்கள். மகளின் நிக்காஹ் பேச்சு நின்றது. "கத்தி பட்டால் பரவிவிடும், இருக்கிற நாளை நிம்மதியாக இருக்க விடுங்கள்" என்று பெரியவர் ஒருவர் சொன்னார். நம் மருத்துவ உதவிக் குழுவிடம் வந்தபோது அவர்கள் கேட்டது சிகிச்சைக்கு வழி அல்ல. "இன்னும் எவ்வளவு நாள்?" என்றுதான் கேட்டார்கள்.

அடுத்தகட்டப் பரிசோதனையில் அது லியோமயோமா என்ற கட்டி என்று தெரிந்தது. அது புற்றுநோயே அல்ல. ஆபரேஷன் செய்து கட்டியை மட்டும் எடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது அந்தச் சகோதரி எல்லாரோடும் உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிடுகிறார்.

அந்தக் குடும்பம் இரண்டு தவறுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அடையாளம் தெரிந்தும் பரிசோதிக்காமல் இருந்தது முதல் தவறு. கட்டி என்றதும், அது என்ன கட்டி என்று தெரியாமலேயே முடிவு கட்டியது இரண்டாவது தவறு. இந்த இரண்டும் நம் வீடுகளில் நடக்கக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

உணவுக்குழாய் எப்படி இருக்கிறது?

தொண்டையிலிருந்து இரைப்பை வரை சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய் இது. மூச்சுக்குழாய்க்கும் இதயத்துக்கும் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இறங்குகிறது. பக்கத்திலேயே உடலின் மிகப் பெரிய ரத்தக்குழாயும் போகிறது. இதனால்தான் இங்கே ஆபரேஷன் செய்வது வயிற்றில் செய்வதைவிடச் சிரமமானது.

குழாயின் சுவர் பல அடுக்குகளால் ஆனது. உணவு உரசிச் செல்லும் உட்புறத்தில் மெல்லிய சவ்வு. அதற்கு அடியில் ரத்தக்குழாய்களும் நரம்புகளும் உள்ள தளர்வான அடுக்கு. அதற்கும் வெளியே உணவைக் கீழே தள்ளும் தசை அடுக்கு. குடலுக்கு வெளிப்பக்கம் ஓர் உறை இருக்கும். உணவுக்குழாயின் பெரும்பகுதிக்கு அந்த உறை இல்லை.

இந்த அடுக்குகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டி எந்த அடுக்கில் முளைத்தது என்பதைப் பொறுத்தே அதன் குணமும் சிகிச்சையும் அமைகின்றன.

நாம் பொதுவாகக் கேள்விப்படும் உணவுக்குழாய்ப் புற்றுநோய் உட்சவ்வில் தொடங்குவது. புகை, மது, புகையிலை, பாக்கு ஆகியவை அதற்கு முக்கியக் காரணங்கள். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களும் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புள்ளவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் வகைப்படுத்தியது. டீயைச் சற்று ஆறவிட்டுக் குடிப்பது நல்லது.

இந்தக் கட்டுரை பேசுவது அதைப் பற்றி அல்ல. பெரும்பாலும் உட்சவ்வுக்குக் கீழே ஒளிந்து வளரும் அபூர்வமான கட்டிகளைப் பற்றியது. உணவுக்குழாயில் வரும் கட்டிகளில் சாதுவானவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அபூர்வம் என்பதால்தான் இவற்றைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அதனால்தான் பயமும் குழப்பமும் கூடுதலாக இருக்கின்றன.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

சிறிய கட்டிகள் எந்தத் தொந்தரவும் தராமல் பல வருடம் இருக்கலாம். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிவதும் உண்டு. வளர்ந்த பிறகு வரும் அடையாளங்கள் இவை:

• சோறு, ரொட்டி, இறைச்சி போன்ற கெட்டியான உணவு நெஞ்சில் நிற்பது. பிறகு கஞ்சியும், கடைசியில் தண்ணீரும்கூட இறங்கச் சிரமப்படுவது.
• நெஞ்சுக்கு நடுவே அழுத்தம் அல்லது வலி.
• சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே வாய்க்கு எதுக்களித்து வருவது.
• சாப்பிடும்போது இருமல், புரை ஏறுவது, குரல் கம்முவது.
• காரணம் இல்லாமல் எடை குறைவது, ரத்த சோகை, ரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம்.

விழுங்கச் சிரமம் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால் பரிசோதிக்க வேண்டும். ரத்த வாந்தியோ கறுத்த மலமோ இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். உணவு அடைத்து உமிழ்நீரைக்கூட விழுங்க முடியாவிட்டால் அது அவசர சிகிச்சைக்குரியது.

நோயாளி பெரும்பாலும் தானாகச் சொல்லமாட்டார். வீட்டில் இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். உம்மா எல்லாரும் எழுந்த பிறகும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறாரா? வாப்பா கவளத்துக்குக் கவளம் தண்ணீர் குடிக்கிறாரா? பிடித்த இறைச்சியை ஒதுக்குகிறாரா? இவற்றை 'வயசாகிவிட்டது' என்று தள்ளிவிடாதீர்கள்.

இதே அடையாளங்கள் வேறு காரணங்களாலும் வரும். இரைப்பை அமிலம் மேலேறுவதால் வரும் புண், கீழ்வாய்த் தசை திறக்காத நோய், இரும்புச்சத்துக் குறைவால் தொண்டையில் உண்டாகும் சவ்வு என்று பல உண்டு. எது என்று பரிசோதனைதான் சொல்லும்.

பரிசோதனைகள்: எது எதற்கு?

முதலில் எண்டோஸ்கோப்பி. நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாயை வாய் வழியாக விட்டுப் பார்ப்பார்கள். தொண்டைக்கு மரத்துப்போகும் மருந்து அடிப்பார்கள். தேவைப்பட்டால் மயக்க ஊசியும் போடுவார்கள். பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். புற்றுநோய் என்றால் பெரும்பாலும் உட்சவ்வே கரடுமுரடாகவோ புண்ணாகவோ தெரியும். நாம் பேசும் கட்டிகளில் பலவற்றில் உட்சவ்வு வழவழப்பாக, நன்றாகவே இருக்கும். அதற்கு அடியிலிருந்து ஒரு மேடு மட்டும் தெரியும். ரிப்போர்ட்டில் 'சப்மியூகோசல்' என்ற சொல் இருந்தால் அதற்கு இதுதான் பொருள். அந்தச் சொல் புற்றுநோய் என்று சொல்வதில்லை. 'கட்டி சவ்வுக்கு அடியில் இருக்கிறது, இன்னும் பார்க்க வேண்டும்' என்றே சொல்கிறது.

சில இடங்களில் பேரியம் எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். வெள்ளை மருந்தைக் குடிக்கச் சொல்லி, அது இறங்குவதைப் படம் எடுப்பது. கட்டி இருக்கும் இடம் வழவழப்பான ஒரு பள்ளமாகத் தெரியும்.

அடுத்தது எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட். சுருக்கமாக இ.யு.எஸ். என்பார்கள். அபூர்வக் கட்டிகளைப் பொறுத்தவரை மிக முக்கியமான பரிசோதனை இது. எண்டோஸ்கோப்பி குழாயின் நுனியிலேயே சிறிய ஸ்கேன் கருவி இருக்கும். குழாய்ச் சுவரின் அடுக்குகளை ஒவ்வொன்றாகக் காட்டும். கட்டி எந்த அடுக்கில் முளைத்தது, எத்தனை செ.மீ., உள்ளே திடமா நீரா, விளிம்பு ஒழுங்காக இருக்கிறதா, பக்கத்தில் நெறிகட்டி இருக்கிறதா என்று இதில் தெரியும்.

இன்னொரு கேள்விக்கும் இது பதில் தரும். மேடாகத் தெரிவது உண்மையிலேயே குழாயில் வளர்ந்த கட்டிதானா? சில நேரம் வெளியிலிருந்து ஏதாவது அழுத்தினாலும் உள்ளே மேடாகத் தெரியும். வளைந்த ரத்தக்குழாய், பெரிதான இதய அறை, காசநோயால் வீங்கிய நெறிகட்டி ஆகியவை அப்படி அழுத்தலாம். காசநோய் என்றால் ஆபரேஷன் தேவைப்படாமல் மாத்திரையிலேயே குணமாகும் வாய்ப்பு அதிகம்.

பிறகு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி. ஸ்கேன். கட்டியின் முழு அளவையும், வேறெங்கும் பரவியிருக்கிறதா என்பதையும் காட்டும். சிலருக்கு பெட் ஸ்கேனும் எடுப்பார்கள். அதில் 'ஒளிர்கிறது' என்று எழுதியிருந்தாலே புற்றுநோய் என்று எண்ண வேண்டாம். சாதுவான லியோமயோமாவும் பெட் ஸ்கேனில் ஒளிர்வது உண்டு.

"பயாப்ஸி எடுக்கவில்லையே!" என்ற குழப்பம்

கட்டி என்று சொல்லிவிட்டு டாக்டர் சதைத் துணுக்கு எடுக்கவில்லை என்றால், அவர் அக்கறை இல்லாமல் விட்டுவிட்டார் என்று சிலர் கோபப்படுகிறார்கள். காரணம் இருக்கலாம். சாதாரண பயாப்ஸியில் உட்சவ்வைத்தான் கிள்ளி எடுக்க முடியும். கட்டி தசை அடுக்கில் இருந்தால் அந்தத் துணுக்கில் அது கிடைக்காது. ரிப்போர்ட் 'நார்மல்' என்று வரும். கட்டி மட்டும் அங்கேயே இருக்கும்.

ஒரு நஷ்டமும் உண்டு. கிள்ளிய இடம் ஆறும்போது சவ்வு கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் ஆபரேஷனில் கட்டியைப் பிரித்தெடுக்கும்போது அந்த இடத்தில் சவ்வு கிழிய வாய்ப்பு அதிகமாகிறது. எனவே பார்வையிலும் இ.யு.எஸ்.ஸிலும் லியோமயோமா போலவே தெரிந்தால், பல டாக்டர்கள் கிள்ளாமல் விடுகிறார்கள்.

ஜிஸ்ட் போன்ற வேறு கட்டியோ என்ற சந்தேகம் இருந்தாலும், சிகிச்சை மாறக்கூடும் என்றாலும், இ.யு.எஸ். வழியாக மெல்லிய ஊசியைக் கட்டிக்குள்ளேயே செலுத்தித் துணுக்கு எடுப்பார்கள். நீர் நிறைந்த பிறவிக் கட்டி என்றால் ஊசி குத்துவதையும் தவிர்ப்பார்கள். அதில் கிருமித்தொற்று வரலாம். ஆகவே "ஏன் எடுக்கவில்லை?" என்று தாராளமாகக் கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

எடுத்த துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மட்டும் போதாது. லியோமயோமாவும் ஜிஸ்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கலாம். சிறப்புச் சாயங்கள் போட்டுத்தான் பிரிப்பார்கள். சி.டி.117, டாக்1 என்ற சாயங்கள் பிடித்தால் ஜிஸ்ட். டெஸ்மின் பிடித்தால் லியோமயோமா. எஸ்100 பிடித்தால் நரம்பு உறையிலிருந்து வந்த கட்டி. இதற்குக் கூடுதலாகச் சில நாட்கள் ஆகும். பொறுமையோடு இருங்கள்.

என்னென்ன கட்டிகள்?

லியோமயோமா: சாதுவான கட்டிகளில் மிக அதிகம் வருவது இதுதான். தசையிலிருந்து முளைக்கும். 20 முதல் 50 வயதுக்குள் அதிகம். பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு. குழாயின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் பெரும்பாலும் வரும். மெதுவாக வளரும். புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது.

ஜிஸ்ட்: குடல் அசைவை ஒழுங்குபடுத்தும் செல்களிலிருந்து வருவது. இரைப்பையில் அதிகம், உணவுக்குழாயில் மிக அரிது. இது பரவக்கூடியது. எவ்வளவு ஆபத்து என்பது கட்டியின் அளவையும், செல்கள் பெருகும் வேகத்தையும் பொறுத்தது.

கிரானுலர் செல் கட்டி: ரஷ்ய மருத்துவர் அப்ரிகோசாஃப் 1926-ல் விவரித்தது. மஞ்சள் கலந்த வெள்ளை நிறத்தில், கடைவாய்ப்பல் போல் சிறிதாக இருக்கும். பெரும்பாலும் சாதுவானது. சவ்வுக்கு மிக அருகில் இருப்பதால் சாதாரண பயாப்ஸியிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும். எண்டோஸ்கோப்பி வழியாகவே வெட்டி எடுக்கலாம்.

நார்க்கொழுப்புத் தொங்கல்: குழாயின் மேற்பகுதியில் முளைத்து, நாக்குபோல் நீளமாகத் தொங்குவது. இருமும்போது வாய்க்குள் வந்து, மூச்சுக்குழாயை அடைத்து உயிருக்கே ஆபத்தானதும் உண்டு. மேலே நல்ல சவ்வு மூடியிருப்பதால் எண்டோஸ்கோப்பியில் கண்ணுக்குத் தப்பிவிடவும் கூடும். எனவே சிறிதாக இருந்தாலும் எடுத்துவிடுவதே முறை. எடுத்த பிறகு கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இப்படித் தோன்றியவற்றில் சில, கொழுப்புத் திசுப் புற்றுநோய் என்று பின்னர் தெரிந்திருக்கின்றன.

அபூர்வமானவை எல்லாம் சாதுவானவை அல்ல. சிறுசெல் புற்றுநோய், மெலனோமா ஆகியவையும் உணவுக்குழாயில் அபூர்வமாக வரும். அவை வேகமாகப் பரவுபவை. சிறுசெல் புற்றுநோய்க்கு மருந்தும் கதிர்வீச்சுமே முக்கிய சிகிச்சை. 'கட்டி' என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான், பெயர் தெரியும்வரை பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம் என்கிறோம்.

ஆபரேஷன் எப்போது, எப்படி?

எல்லாக் கட்டிக்கும் ஆபரேஷன் தேவையில்லை. தொந்தரவு தராத சிறிய லியோமயோமாவை, குறிப்பிட்ட இடைவெளியில் இ.யு.எஸ். செய்து கவனித்தாலே போதும். விழுங்கச் சிரமம் இருந்தால், கட்டி வளர்ந்துகொண்டே போனால், சுமார் 5 செ.மீ.க்கு மேல் இருந்தால், அல்லது என்ன கட்டி என்பதில் சந்தேகம் இருந்தால் எடுக்கச் சொல்வார்கள். 'கவனிப்போம்' என்று சொன்னால் அந்தத் தேதியில் மறக்காமல் போக வேண்டும்.

ஆபரேஷன் மூன்று வகை.

ஒன்று, எண்டோஸ்கோப்பி வழியாக. மேலாக இருக்கும் சிறிய கட்டிகளை வெளியே எந்தத் தழும்பும் இல்லாமல் எடுக்கலாம். தசையில் இருக்கும் கட்டிக்கும் இப்போது வழி உண்டு. கட்டிக்குச் சில செ.மீ. மேலே சவ்வைத் திறந்து, சவ்வுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம்போல் வழி செய்து, கட்டியை எடுத்துவிட்டு, வாசலை கிளிப் போட்டு மூடுவார்கள். ஜப்பானில் டாக்டர் ஹருஹிரோ இனோவே 2008-ல் வேறொரு உணவுக்குழாய் நோய்க்காகத் தொடங்கிய சுரங்க முறையிலிருந்து இது வளர்ந்தது. இந்தியாவிலும் பெரிய குடல்நோய் மையங்கள் சிலவற்றில் செய்கிறார்கள். அளவு பெரிதானால் இது பொருந்தாது.

இரண்டு, கட்டியை மட்டும் தோண்டி எடுப்பது. லியோமயோமாவுக்கு இதுவே வழக்கமான ஆபரேஷன். விலா எலும்புகளுக்கு நடுவே சில சிறு துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்துச் செய்வார்கள். குழாயின் கீழ்முனையில் இருந்தால் வயிற்றுப் பக்கமிருந்து லேப்ராஸ்கோப்பி முறையில் செய்யலாம். கட்டி பெரிதென்றால் நெஞ்சைத் திறந்தே செய்ய வேண்டியிருக்கும். தசையைப் பிளந்து, உட்சவ்வைக் கிழிக்காமல், பழத்திலிருந்து கொட்டையைப் பிரிப்பதுபோல் கட்டியைப் பிரிப்பார்கள். பிறகு அந்த இடத்தை நீரில் மூழ்கவைத்து, குழாய்க்குள் காற்றுச் செலுத்தி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது என்று பொருள். உடனே தைத்துவிடுவார்கள். பிறகு தசையையும் சேர்த்துத் தைப்பார்கள். உணவுக்குழாய் முழுதாக அப்படியே இருக்கும்.

மூன்று, உணவுக்குழாயின் ஒரு பகுதியையே நீக்குவது. பெரிய ஜிஸ்ட், புற்றுநோய், அல்லது குழாயைச் சுற்றி வளைத்துப் பிடித்த பெரிய லியோமயோமா என்றால் இது தேவைப்படலாம். நீக்கிய பிறகு இரைப்பையைக் குழாய்போல் அமைத்து மேலே இழுத்து இணைப்பார்கள். இது பெரிய ஆபரேஷன். இணைப்பில் கசிவு, நுரையீரல் தொற்று போன்ற ஆபத்துகள் உண்டு. இதை அடிக்கடி செய்து அனுபவமுள்ள குழு இருக்கும் ஆஸ்பத்திரியில் செய்வதே பாதுகாப்பு.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். லியோமயோமாவை எடுப்பதால் அது பரவுவதில்லை. ஜிஸ்ட்டில், கட்டி உடைந்தால் செல்கள் சிதறி மறுபடி வரும் ஆபத்து உண்மையில் உண்டு. அதனால்தான் கட்டியை உடைக்காமல் முழுதாக எடுக்கிறார்கள். ஆபரேஷனை விட்டுவிடுவதற்கு அது காரணம் அல்ல. முன்கூட்டியே சரியாகப் பெயர் கண்டுபிடித்து, பழகிய கைகளிடம் போவதற்குத்தான் அது காரணம்.

ஜிஸ்ட்டுக்கு மாத்திரையும் உண்டு

ஜிஸ்ட்டுக்கு அடிப்படையாக ஒரு மரபணு மாற்றம் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1998-ல் கண்டறிந்தார்கள். இமாடினிப் என்ற மாத்திரையை ஜிஸ்ட் நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தது ஃபின்லாந்தில், 2000-ல். பெரிய கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்யவும், ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி வராமல் தடுக்கவும் இதைத் தருகிறார்கள். மறுபடி வரும் ஆபத்து அதிகமுள்ளவர்கள் மூன்று வருடம் வரை சாப்பிட வேண்டியிருக்கும். எல்லா ஜிஸ்ட்டுக்கும் இது வேலை செய்வதில்லை. எந்த மரபணு மாற்றம் என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

இந்த மாத்திரை நமக்கு எட்டும் விலையில் கிடைப்பதில் சென்னைக்கும் பங்கு உண்டு. இதன் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட நோவார்டிஸ் நிறுவனத்தின் விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் நிராகரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிராகரித்தது. அப்போது அந்த நிறுவனத்தின் மருந்து மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். இந்திய நிறுவனங்களின் மருந்து அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருந்தது. 'வெளிநாட்டு மருந்து, நமக்கு எட்டாது' என்று விசாரிக்காமலே விட்டுவிடாதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

ஆபரேஷன் தேதி குறித்ததும் பீடி, சிகரெட், புகையிலையை நிறுத்திவிட வேண்டும். மூன்று பந்துள்ள கருவியில் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார்கள். தினமும் செய்தால் நுரையீரல் தொற்று வரும் வாய்ப்பு குறையும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆபரேஷன் முடிந்ததும் வாய்வழி உணவு உடனே தரமாட்டார்கள். கசிவு இல்லை என்று உறுதியான பிறகே முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு குழைந்த சோறு என்று படிப்படியாக வரும். பார்க்க வரும் உறவினர்கள் பாசத்தில் ஊட்டிவிடுவது பெரிய ஆபத்து. டாக்டர் சொல்லாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது.

குழாயின் பகுதியை நீக்கியவர்கள் ஒரே நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிட முடியாது. நாளுக்கு ஆறேழு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டவுடன் படுக்கக்கூடாது. தலைமாட்டை உயர்த்திப் படுக்க வேண்டும். குனிந்தால் உணவு மேலேறி வரும். ருகூவும் ஸுஜூதும் செய்ய முடியாமல் இருப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து சைகையால் தொழுவதற்கு மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நோன்பைப் பற்றியும் அப்படியே. நோயாளிக்குச் சலுகை தருவது குர்ஆனே. பரிசோதனையை 'ரமலான் முடியட்டும்' என்று தள்ளிப்போடுபவர்கள் நம்மில் அதிகம். விழுங்க முடியாத நிலையில் அந்த ஒரு மாதம் மிகப் பெரியது. எண்டோஸ்கோப்பிக்கு முன் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டிய நேரம், நோன்பு வைக்கலாமா, மாத்திரை எப்போது என்பதை டாக்டரிடம் கேளுங்கள். களா, ஃபித்யா பற்றி உலமாக்களிடம் கேளுங்கள். இருவரிடமும் கேட்காமல் நாமே முடிவெடுப்பதுதான் தவறு.

செலவுக்கு வழி

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய் அட்டை எடுக்கலாம். நோய் வந்த பிறகு ஓடாமல் இப்போதே எடுத்து வையுங்கள். அட்மிட் ஆகும் முன்பே அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, உங்கள் ஆபரேஷன் பட்டியலில் இருக்கிறதா என்று அங்குள்ள காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள்.

சென்னை ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை ஆகிய இடங்களில் குடல்நோய் அறுவை சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகியவையும் உண்டு. வட்டிக்குக் கடன் வாங்கும் முன் இங்கே விசாரியுங்கள். நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழுவிடமும் வாருங்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ளவர்களுக்கு அதிலிருந்தும், மற்றவர்களுக்கு ஸதகா நிதியிலிருந்தும் முடிந்ததைச் செய்கிறோம். வீட்டில் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்பதற்காக எந்தச் சகோதரியும் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். கூட வருவதற்குப் பெண் தொண்டர்கள் இருக்கிறார்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

• கட்டி எந்த அடுக்கில் இருக்கிறது? எத்தனை செ.மீ.?
• இ.யு.எஸ். தேவையா? இங்கே இல்லையென்றால் எங்கே போகலாம்?
• பயாப்ஸி எடுக்கிறீர்களா? இல்லையென்றால் ஏன்?
• கட்டியை மட்டும் எடுக்க முடியுமா, குழாயை நீக்க வேண்டுமா?
• இந்த ஆபரேஷன் இங்கே அடிக்கடி செய்கிறீர்களா?
• ஆபரேஷன் இல்லாமல் கவனிக்கலாம் என்றால், அடுத்த பரிசோதனை எப்போது?

எல்லா ரிப்போர்ட்டுகளையும் ஒரே ஃபைலில் தேதிவாரியாக வையுங்கள். இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்பதானால், பயாப்ஸி ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அவை இருந்தால் மறுபடி துணுக்கு எடுக்காமலே பரிசோதிக்கலாம்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நமக்குச் சொல்லித் தந்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். துஆவும் வேண்டும், பரிசோதனையும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குத் தடை அல்ல. இன்று இரவுச் சாப்பாட்டில், உங்கள் வீட்டில் யாராவது சோற்றை விழுங்கத் தண்ணீரைத் தேடுகிறார்களா என்று ஒருமுறை கவனியுங்கள். தேடினால், எத்தனை நாளாக என்று கேளுங்கள்.

நோயில் இருப்பவர்கள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.